நாலாமவளின் பெயர்

நாலாமவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அந்த இடத்தில் ஓடிக்கொண்டிருக்கும் ஏதாவது ஒன்று நின்றுவிடும். ஒழுகும் குழாய் நிற்கும், சுவர்க்கடிகாரம் நிற்கும், மூக்கிலிருந்து வழியும் ரத்தம் நிற்கும், மாடிவீட்டுப் புருஷன் பெண்டாட்டி சண்டை பாதி வாக்கியத்தில் நிற்கும். எது நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது என்றுதான் முதலில் நினைத்தார்கள். கூப்பிடுகிறவர் மனதில் எதை நிறுத்த நினைக்கிறாரோ பெரும்பாலும் அதுவே நிற்கிறது என்பது பிடிபட இரண்டு மூன்று வருஷம் ஆயிற்று. அதன்பிறகு அந்தத் தெருவில் பிளம்பருக்கு வேலை குறைந்துபோனது. குழாய் கெட்டால் ஆளனுப்பி நாலாமவளை வரவழைப்பார்கள், குழாய்க்குப் பக்கத்தில் நிற்கவைத்து அவள் பெயரைச் சொல்வார்கள், நின்றதும் போகச் சொல்வார்கள். இரவல் வாங்கிய ஸ்பேனரைத் திருப்பிக் கொடுக்கும்போதுகூட ஒரு வார்த்தை இதமாகச் சொல்லிவிட்டுப் போகிற மனிதர்கள்தான் அவர்கள். இவளிடம் அதுவும் இல்லை. ஸ்பேனருக்குக் காது கிடையாது, கோபமும் வராது. நாலாமவளுக்கு இரண்டும் இருந்தன.

அவள் பெயர் 'போதும்'. பேச்சுவாக்கில் யாரும் சொல்கிற 'போதும்' ஒன்றும் செய்யாது. ஊரில் ஒரு நாளைக்கு ஆயிரம் பேர் அதைச் சொல்கிறார்கள், எதுவும் நிற்பதில்லை. அவளைப் பார்த்து, அவளைக் கூப்பிடுவதற்காகச் சொன்னால்தான் நிற்கும்.

அவளுடைய அப்பா பஸ் டிரைவர். ஏற்கெனவே மூன்று பெண்கள். நாலாவதும் பெண் என்று தெரிந்ததும் அவர் பிரசவ வார்டுக்கு வெளியே பெஞ்சில் கொஞ்ச நேரம் முழங்காலைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். நர்ஸ் வந்து குழந்தைக்குப் பெயர் யோசித்தாயிற்றா என்று கேட்டாள். "போதும்," என்றார். "எது போதும்?" என்றாள் நர்ஸ். "பேரே அதுதான்மா. எழுதிக்க." நர்ஸ் எழுதிக்கொண்டு உள்ளே போய், மயக்கம் தெளியாமல் கிடந்த தாயின் பக்கத்தில் நின்று, தொட்டிலைப் பார்த்து அந்தப் பெயரை ஒருமுறை சத்தமாகப் படித்தாள். தாய்க்குப் பால் நின்றுபோனது அப்போதுதான். குழந்தை டப்பா பாலில் வளர்ந்தது.

பெண்கள் பிறந்தது போதும் என்பதுதான் டிரைவரின் எண்ணம். ஆனால் அந்தச் சொல்லுக்குப் பெண் என்றும் ஆண் என்றும் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. அந்த வீட்டில் அதற்குப்பிறகு யாரும் பிறக்கவில்லை. தெருவிலேயே நாலைந்து வருஷம் தொட்டில் கட்டியவர்கள் இல்லை. எதிர்வீட்டுக் கோழிகள்கூட முட்டையிடாமல் தின்று கொழுத்தன. மகன் வருவான் வருவான் என்று காத்திருந்து காத்திருந்து டிரைவருக்குத் தலை நரைத்தது. தவறு தன் மேல் இல்லை என்பதில் மட்டும் அவர் உறுதியாக இருந்தார். மின்சாரம் வராததற்கு ஆபீசில் போய்ப் புகார் சொல்கிறவரைப் போல, கிடைத்தவரிடமெல்லாம் சொன்னார்: "நான் பொண்ணு போதும்னுதான் சொன்னேன். இவ எல்லாத்தையும் நிறுத்திட்டா."

வீட்டில் அவளை ஏய் என்றார்கள், இவளே என்றார்கள், நாலாவது என்றார்கள். அம்மா மட்டும் கண்ணு என்று கூப்பிடுவாள். பெயரை எடுத்தால் சமைக்கிற அடுப்பு அணைந்துவிடும் என்பதால் அக்காமார்கள் கைதட்டிக் கூப்பிட்டுப் பழகினார்கள். பள்ளிக்கூடத்தில் வருகைப்பதிவு எடுத்த முதல் நாளே மின்விசிறி நின்று, வெளியே பெய்துகொண்டிருந்த மழையும் நின்றதால், டீச்சர் மறுநாளிலிருந்து அவளை எண்ணால் கூப்பிட்டாள். ஒருமுறை அப்பாவின் பஸ்ஸில் போகும்போது அவள் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்ட, அவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு வாய்தவறிப் பெயரைச் சொல்லி அதட்டினார். ஆற்றுப்பாலத்தின் நடுவில் இன்ஜின் நின்றது. பயணிகள் இறங்கித் தள்ளினார்கள். அன்றிரவு அவளுக்கு அடி விழுந்தது. அந்தப் பெயரை வைத்தவருக்கு ஒன்றுமில்லை.

அவருக்கு வேண்டும்போது மட்டும் அந்தப் பெயர் வாயில் வரும். கூரை ஒழுகும்போது, இருமல் அடங்காதபோது, ரேடியோவில் கரகரப்பு வரும்போது அவளைப் பக்கத்தில் இழுத்து நிறுத்திச் சொல்வார். அம்மா அழுதபோதும் சொன்னார். ஆண் பிள்ளை இல்லாத வீடு என்று சொந்தக்காரர்கள் எதிரில் அவர் ஏதோ பேசிவிட, அம்மா சமையல்கட்டில் உட்கார்ந்து நிறுத்தாமல் அழுதுகொண்டிருந்தாள். அவருக்கு அந்தச் சத்தம் பிடிக்கவில்லை. நாலாமவளின் தோளைப் பிடித்து அம்மாவுக்கு முன்னால் தள்ளி, பெயரைச் சொன்னார். அம்மாவின் அழுகை விக்கலோடு நின்றது. அதன்பிறகு அவளுக்கு அழுகையே வரவில்லை. வெங்காயம் நறுக்கினாலும் வரவில்லை. தன்னைப் பெற்றவள் செத்த அன்று உலர்ந்த கண்ணோடு உட்கார்ந்திருந்தாள். கல்நெஞ்சக்காரி என்று உறவெல்லாம் பேசியது. நாலாமவள் அப்போது கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். தன் பெயரால் நடந்தது என்று அவளுக்குத் தெரியும். அன்றைக்கு அவளுக்கு வந்த கோபம் பிறகு இறங்கவேயில்லை. பலபேர் அதை நிறுத்துவதற்காகவே அவள் பெயரைச் சொல்லிப் பார்த்ததுண்டு. கடிகாரம் நின்றது, நாய் குரைப்பது நின்றது, ஒருமுறை தெருமுனையில் போன ஊர்வலம்கூட நின்றது. அவள் கோபம் நிற்கவில்லை.

அவள் மட்டும் அந்தச் சொல்லை வாயில் எடுத்ததில்லை. பெயர் கேட்டால் எழுதிக் காட்டுவாள். சோறு போடும்போது நிறுத்தச் சொல்லவேண்டுமானால் தட்டின் மேல் கையைக் கவிழ்ப்பாள். பரிமாறுகிறவர்கள் கவனிக்காமல் சுடச்சுடக் கையிலேயே போட்ட நாட்களும் உண்டு. அப்பாவின் பெல்ட் முதுகில் விழுந்தபோதும் உதட்டைக் கடித்துக்கொண்டாளே தவிர, எந்தக் குழந்தையும் கத்துகிற அந்த வார்த்தையை அவள் கத்தவில்லை. அவள் சொன்னால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

வயது வந்ததும் தூரத்துப் பெரிய நகரம் ஒன்றில், ஆயிரம் படுக்கை உள்ள ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தாள். கட்டடத்தின் அடித்தளத்தில், ஜன்னலே இல்லாத நீளமான கூடம். ஒரு பக்கம் ஆள் உயர வாஷிங் மெஷின்கள், எதிர்ப்பக்கம் டிரையர்கள், நடுவில் மடிப்பு மேசைகள், கோடியில் இஸ்திரி ரோலர். மேலே வார்டுகளில் யாருக்கு என்ன நேர்ந்தது என்பது பெட்ஷீட்டுகளைப் பார்த்தே அங்கிருந்த பெண்களுக்குத் தெரியும். அதைப்பற்றி அவர்கள் பேசுவதில்லை. ஆளுக்கொரு தேசம், ஆளுக்கொரு மொழி. பொதுவாக ஒரு அரைகுறைப் பேச்சை ஒப்பேற்றிக்கொண்டு, சிரிப்புக்கும் திட்டுக்கும் அவரவர் சொந்த மொழியை வைத்துக்கொண்டார்கள்.

சூப்பர்வைசருக்கு அவளுடைய பெயரின் குணம் தெரிய ஒரு வாரம் ஆகவில்லை. ஐந்தாம் நம்பர் மெஷினின் ஸ்விட்ச் கெட்டு, நிறுத்த முடியாமல் ஓடிக்கொண்டிருந்தது. அவர் ஒலிபெருக்கியில் அவளைக் கூப்பிட்டார், மெஷின் நின்றது. அன்றிலிருந்து ஸ்விட்சை மாற்றவேயில்லை. பைப் உடைந்தால் அவள், டிரையர் சூடேறினால் அவள். பிறகு ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் பெண்கள் ஞாயிற்றுக்கிழமை வேலையைப் பற்றி ஒன்றாகக் கூடிப் பேசிக்கொண்டிருந்தார்கள். குரல் கொஞ்சம் உயர்ந்தது. கண்ணாடி அறையிலிருந்து அவர் மைக்கை எடுத்து அவள் பெயரைச் சொன்னார். கூடத்தில் இருந்த அத்தனை பெண்களின் குரலும் அடைத்துக்கொண்டது. வாய் அசைந்தது, சத்தம் இல்லை. ஷிப்டு முடியும்வரை அப்படியே கைஜாடையில் வேலை பார்த்தார்கள். ஒரே ஒருத்தியின் குரல் மட்டும் நிற்கவில்லை. அவளை அவர் எண்ணிப் பார்த்திருக்கவில்லை. அவள்தான் நெட்டச்சி. ஆறடி உயரம், கூடத்திலேயே பெரிய உருவம், ஆனாலும் யார் கண்ணிலும் படமாட்டாள். அவளுடைய பெயருக்கு அவள் மொழியில் வேண்டாதது என்று பொருள்.

மறுநாள் குரல்கள் திரும்பியதும் எல்லோரும் நாலாமவளைச் சூழ்ந்துகொண்டார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு நடந்ததைச் சொன்னாள், பெயரைத் துண்டுத்தாளில் எழுதி, அர்த்தம் இதுதான் என்று கைஜாடையில் காட்டினாள். திட்டுவார்கள் என்று நினைத்தாள். மடிப்பு மேசைக்காரி சிரித்தாள். அவளுடைய பெயருக்குத் தம்பியைக் கூட்டிவா என்று அர்த்தமாம். பெயர் வைத்த அடுத்த வருஷத்திலிருந்து வரிசையாக ஏழு தம்பிகள். ஏழுபேரையும் இடுப்பில் சுமந்தவள் அவள்; ஒருவன்கூட இப்போது போன் செய்வதில்லை. அவள் டிராலியைத் தள்ளிக்கொண்டு பிரசவ வார்டு வழியாகப் போனால் அன்றைக்கு முழுக்க ஆண் குழந்தைகளே பிறக்கும். மாமியார்கள் காரிடாரில் அவளுக்காகக் காத்திருப்பார்கள். அதனால் அவள் சுற்றுவழியாகப் போகிறாள். "அவங்க முகத்தைப் பாத்தாலே டிராலியை ஏத்திடலாம்னு தோணுது," என்றாள்.

நெட்டச்சி தன் கதையைச் சொன்னாள். தானாகத் திறக்கும் கண்ணாடிக் கதவுகள் அவளுக்குத் திறப்பதில்லை. யாராவது போகும்போது ஒட்டிக்கொண்டு உள்ளே நுழைவாள். பஸ்ஸில் அவள் மடியில் வந்து உட்கார்ந்துவிட்டு, பிறகு திடுக்கிட்டு எழுந்துகொள்கிறவர்கள் உண்டு. இஸ்திரி ரோலரில் நின்ற வயதான பெண்மணி தன் பெயருக்கு மகாராணி என்று பொருள் என்றாள். அதுவாவது நல்ல பெயர் என்று எல்லோரும் சொல்ல, "எங்க பக்கம் நாய்க்கெல்லாம் அந்தப் பேர்தான் வைப்பாங்க," என்றாள் அவள். எல்லோரும் மேசை அதிரும்படி சிரித்தார்கள். நாலாமவளும் சிரித்தாள், ஆனால் அவள் உள்ளங்கை இரண்டும் கொதித்தன. இத்தனை தேசம், இத்தனை மொழி, கடல் தாண்டியும் மலை தாண்டியும் அப்பன்மார்கள் எல்லோரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து முழங்காலைப் பிசைந்திருக்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது.

நெட்டச்சி அந்தத் துண்டுத்தாளை வாங்கி, ஒலிபெருக்கியின் கரகரப்பில் சரியாகக் கேட்காத அந்தப் பெயரை எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். மடிப்பு மேசைக்காரி காதோடு சொன்னதும் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அதே ஒலி அவள் மொழியில் ஒரு வேரின் பெயர். வயிறு கட்டிக்கொண்டவர்களுக்கு அரைத்துக் கொடுப்பார்களாம், குடித்தால் கால்மணி நேரத்தில் தடதடவென்று போய்விடுமாம். சொல்லிவிட்டு, யாரும் தடுப்பதற்குள், தன் மொழியில் சொல்வதுபோல முதல் எழுத்தை நீட்டி, கடைசியை மேலே தூக்கி, நாலாமவளைப் பார்த்துக் கூப்பிட்டாள். நாலாமவள் பழக்கத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மெஷின்கள் ஓடிக்கொண்டே இருந்தன. டிரையர் ஓடியது. எதுவும் நிற்கவில்லை. கூடத்தின் மூலையில் பல நாளாக அடைத்துக் கிடந்த சாக்கடை மட்டும் கடகடவென்று திறந்துகொண்டு, தேங்கிய அழுக்குத் தண்ணீர் முழுவதும் ஓடி வற்றியது. பெயர் சொல்லிக் கூப்பிட்டும் உலகம் ஓடுவதை நாலாமவள் பிறந்ததிலிருந்து அன்றைக்குத்தான் பார்த்தாள். கண்ணைத் திறந்து கொஞ்ச நேரம் மெஷின்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெயரை மாற்றிக்கொள் என்று மடிப்பு மேசைக்காரி சொன்னபோது அவள் தலையாட்டி மறுத்தாள். "மாத்தினா இது எங்க போகும்? காத்துல கரைஞ்சா போயிடும்? வேற எவ தலையிலயாவது போய் உக்காரும்."

அவள் சொன்னது வீண் பயம் இல்லை. அடுத்த கோடையில் ஊரிலிருந்து அம்மா போன் செய்தாள். அப்பாவும் அம்மாவும் மூணாமவள் வீட்டோடு இருந்தார்கள். மூணாமவளுக்கு இரண்டு பெண்கள், இப்போது பிறந்திருப்பது மூன்றாவது. மருமகன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தார். ரிட்டையரான டிரைவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்.

"உன் பேரையே வைக்கப்போறாராம், கண்ணு," என்றாள் அம்மா. "ஏற்கெனவே வெச்சுப் பாத்த பேருதான், வேலை செய்யற பேருன்னு சொல்றாரு. அப்ப சரியா விளக்கமா சொல்லாம விட்டுட்டாராம். இந்தத் தடவை பொண்ணுபோதும்னு சேத்து வைக்கப்போறாராம்."

"அக்கா என்ன சொல்றா?"

"அவ என்ன சொல்வா. குழந்தையை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கா."

"நீ என்னம்மா சொன்னே?"

"உனக்குப் பேரு வெச்சப்போ நான் மயக்கத்துல இருந்தேன்," என்றாள் அம்மா. "இப்ப முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். அதான் உனக்கு போன் பண்றேன்."

நாலாமவள் லீவு கேட்கவில்லை. ஏப்ரனை அவிழ்க்காமல் வாசலுக்கு நடந்தாள். எங்கே என்று கேட்ட சூப்பர்வைசரை அவள் பார்த்த பார்வையில் அவர் மைக்கைக் கீழே வைத்துவிட்டார். மடிப்பு மேசைக்காரியும் மகாராணியும் பின்னாலேயே கிளம்பினார்கள். கண்ணாடிக் கதவு அவர்களுக்காகத் திறந்தபோது நெட்டச்சியும் ஒட்டிக்கொண்டு வெளியே வந்தாள். ராத்திரி முழுக்க ரயிலில் உட்கார்ந்தே போனார்கள். நாலாமவள் சாய்ந்திருந்த ஜன்னல் கம்பி விடியும்போது கைவைக்க முடியாத சூட்டில் இருந்தது; டிக்கெட் பரிசோதகர் அதைத் தொட்டுவிட்டு வெயில் சீக்கிரம் வந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு போனார்.

மூணாமவள் வீட்டு ஹாலில் நாற்காலிகள் போட்டுச் சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் நாலாமவளைக் கடைசியாகக் குழாயடியில் பார்த்தவர்கள் பாதிப்பேர். மூணாமவள் நடுவில் குழந்தையோடு இருந்தாள். அம்மா சுவரோரமாக நின்றாள். டிரைவர் இஸ்திரி போட்ட சட்டையில், மைக்கில்லாத மேடையில் பேசப்போகிறவரைப் போலத் தொண்டையைக் கனைத்துக்கொண்டிருந்தார். ஏப்ரன் கட்டிய பெண்கள் திமுதிமுவென்று நுழைந்ததும் எல்லோரும் திரும்பினார்கள். நெட்டச்சியை யாரும் பார்க்கவில்லை. அவள் மீது இடித்துக்கொண்ட மருமகன் தூண் என்று நினைத்து நகர்ந்தார்.

"வந்துட்டியா. நல்லதாப் போச்சு," என்றார் டிரைவர். "நீயும் இருந்து பாரு. உன் பேருதான்."

"அதான் வந்தேன்," என்றாள் நாலாமவள். "அந்தப் பேரு என்னோடது. தரமாட்டேன்."

"பேரு வெச்சவன் நான். உனக்கென்ன பட்டா போட்டுக் குடுத்திருக்கா?"

"விடேன்டி," என்றாள் மூணாமவள் தலையை நிமிர்த்தாமல். "பேருதானே. வீட்டுல கூப்பிட வேற எதுனா வெச்சுக்கலாம்."

"ஏய்னு வெச்சுக்கோ," என்றாள் நாலாமவள். "இவளேன்னு வெச்சுக்கோ. கைதட்டிக் கூப்பிடு, என்னைக் கூப்பிட்ட மாதிரி. அந்தப் பேரு எனக்குப் பிடிக்கல அக்கா, ஒருநாளும் பிடிச்சதில்ல. அது என்னைக் கூப்பிடறதுக்கு வெச்ச பேரே இல்ல. தெருவுல ஒருத்தர் பாக்கியில்லாம என்னை இழுத்துட்டுப் போய் குழாய்கிட்ட நிறுத்தினாங்க. ஆனா அதைச் சுமந்தவ நான். இன்னொரு குழந்தை தலையில இறக்கி வைக்க விடமாட்டேன்." அவள் அப்பாவின் பக்கம் திரும்பினாள். "அம்மாவோட பாலை நிறுத்தினீங்க. நானா நிறுத்தினேன்? நீங்க நிறுத்தினீங்க. அவங்க அழுகையை நிறுத்தினீங்க. பெத்தவ செத்ததுக்குக் கூட அவங்களால அழ முடியல, அப்ப நீங்க வாசல்ல உக்காந்து பேப்பர் படிச்சீங்க. இந்தக் குழந்தை உங்களுக்கு என்ன பண்ணிச்சு? இன்னும் கண்ணே சரியாத் தெரியாது அதுக்கு, அதுக்குள்ள—"

டிரைவர் அவளை நேராகப் பார்த்து, விரலை நீட்டி, அவள் பெயரைச் சொன்னார்.

அவள் குரல் நின்றது. உதடு அசைந்துகொண்டே இருந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, சத்தம் மட்டும் வரவில்லை. ஹாலில் யாரோ ஒருவர் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார். டிரைவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு குழந்தையின் பக்கம் குனிந்தார்.

அப்போது தூண் பேசியது. நெட்டச்சி ஓரடி முன்னால் வந்து, முதல் எழுத்தை நீட்டி, கடைசியை மேலே தூக்கி, தன் மொழியின் வேரை அரைப்பதுபோல நிறுத்தி நிதானமாக நாலாமவளைக் கூப்பிட்டாள். பின்கட்டில் குழாய் பிய்த்துக்கொண்டது. பூட்டியிருந்த அலமாரிகள் திறந்துகொண்டன. மருமகனின் மூக்கடைப்பு விட்டது. நாலாமவளின் தொண்டையில் சிக்கியிருந்த மீதி வாக்கியம், "—அதை நிறுத்தணுமா உங்களுக்கு!" என்று வெடித்து வந்தது. சுவரோரமாக நின்ற அம்மா அழ ஆரம்பித்தாள்.

முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள் சமையல்கட்டில் விட்ட இடத்திலிருந்து, அதே விக்கலிலிருந்து ஆரம்பித்தாள். பிறகு பெற்றவளுக்காக அழுதாள். பிறகு வற்றிய பாலுக்காக. கண்ணீர் முகத்திலிருந்து இறங்கித் தரையில் ஓடி, நாற்காலிக் கால்களைச் சுற்றி வாசலைத் தாண்டியது. உறவினர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு காலை மேலே தூக்கி உட்கார்ந்தார்கள். மடிப்பு மேசைக்காரி தண்ணீரின் அளவைத் தொழில்கண்ணால் ஒருமுறை பார்த்துவிட்டு, "ரெண்டு டிராலி துணி வேணும்," என்றாள். அவளும் மகாராணியும் ஜன்னல் திரைகளையும் கட்டில் விரிப்புகளையும் உருவிக்கொண்டு வந்து, பேசாமல், ஆஸ்பத்திரியில் செய்வதைப் போலவே துடைத்துப் பிழிந்துகொண்டிருந்தார்கள். அழாதே என்று அவர்கள் யாரும் சொல்லவில்லை.

டிரைவர் ஈரத்தில் நின்றபடி மறுபடியும் வாயைத் திறந்தார். நாலாமவள் அவருக்கும் குழந்தைக்கும் நடுவில் போய் நின்றாள். கத்தவில்லை. சோறு பரிமாறுகிறவரிடம் சொல்வதைப் போலத்தான் சொன்னாள்.

"போதும்ப்பா."

எதுவும் நின்றதாகத் தெரியவில்லை. மின்விசிறி சுற்றியது, குழாய் கொட்டியது, அம்மா அழுதுகொண்டிருந்தாள். இவ்வளவுதானா என்று டிரைவர் ஏளனமாகச் சிரித்துவிட்டு, குழந்தைக்கு வைக்க வந்த பெயரைச் சொல்லப்போனார். பெயர் வரவில்லை. வேறொரு பெயர் சொல்லப் பார்த்தார், அதுவும் வரவில்லை. மருமகனைக் கூப்பிட முடியவில்லை, பெண்டாட்டியைக் கூப்பிட முடியவில்லை, தன் பெயரே வாயில் வராமல் தவித்தார். மற்றபடி பேச்சுக்கு ஒரு குறையும் இல்லை. விலைவாசி, வெயில், முழங்கால் வலி எல்லாம் சரளமாகப் பேசினார். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துத் தொண்டை நன்றாக இருக்கிறது என்றார். அதற்குப்பிறகு வாழ்ந்த காலம் முழுவதும் அவர் எல்லோரையும் ஏய் என்றும் இவனே என்றும் கைதட்டியும் கூப்பிட்டார். தூரத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பதில்லை. பாவம் என்று சிலபேர் சொன்னார்கள். நாலாமவள் அப்படிச் சொல்லவில்லை.

அம்மா ஒரு வாரத்துக்குமேல் அழுதாள். முடிந்ததும் முகத்தைக் கழுவி, பெட்டியைக் கட்டிக்கொண்டு மகளோடு நகரத்துக்கு வந்துவிட்டாள். அவளே அதைச் சொன்ன நாளிலிருந்து நாலாமவளின் பெயரை யார் சொன்னாலும் ஒன்றும் நிற்பதில்லை. சூப்பர்வைசர் ஒலிபெருக்கியில் பலமுறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் ஐந்தாம் நம்பர் மெஷினுக்குப் புது ஸ்விட்ச் போட்டார். ஞாயிற்றுக்கிழமை வேலையைப் பற்றிப் பெண்கள் சத்தமாகவே பேசினார்கள், கேட்டதில் பாதியையாவது வாங்கினார்கள். நாலாமவளின் கோபம் தீர்ந்ததா என்று ஒருமுறை மகாராணி கேட்டாள். இல்லை என்றாள் அவள். அதை வைத்துக்கொண்டுதான் மீதிப் பாதிக்கும் போராடினாள்.

மூணாமவளின் குழந்தைக்கு வெகுநாள் பெயர் வைக்கவில்லை. மருமகன் இரண்டு பெயர்கள் கொண்டுவந்தார். அர்த்தம் என்ன என்று மூணாமவள் கேட்டாள், அவர் சொன்னார், வேண்டாம் என்றாள். புருஷனிடம் அவள் அந்த வார்த்தையைச் சொன்னது அதுவே முதல் தடவை. பேச்சு வந்ததும் குழந்தையே சொல்லட்டும் என்று விட்டுவிட்டாள். ஒன்றரை வயதில் குழந்தை தன் நெஞ்சைத் தொட்டு இரண்டு எழுத்தில் ஏதோ ஒரு சத்தம் போட்டது. திரும்பத்திரும்ப அதையே சொன்னது. மூணாமவள் உடனே தங்கைக்கு போன் செய்தாள். சலவைப் பிரிவில் மெஷின்களுக்கு நடுவே போனை ஸ்பீக்கரில் போட்டு, அத்தனை பேரும் தலையைக் குனிந்து கேட்டார்கள். ஒவ்வொருத்தியும் தன் மொழியில் தேடினாள், தன் பக்கத்து ஊர்க்காரர்களின் மொழியில் தேடினாள், வார்டுகளில் படுத்திருந்த நோயாளிகளிடம்கூடப் போய் விசாரித்துவிட்டு வந்தார்கள். நெட்டச்சி ஒரு வேருக்குக்கூட அந்தப் பெயர் இல்லை என்றாள். எந்த மொழியிலும் அதற்கு ஒரு பொருளும் இல்லை என்று நிச்சயமான பிறகு அதையே வைத்தார்கள்.

அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் ஒன்றும் நிற்பதில்லை, எதுவும் திறப்பதில்லை, யாருக்கும் தம்பி பிறப்பதில்லை. அவள் திரும்பிப் பார்க்கிறாள். விளையாட்டில் இருந்தால் அதுவும் இல்லை.